என் கை பட்ட உகுரெஸ்ஸ

போன மாதம் நம்முடைய வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். ஊருக்குப் போனபோது எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்று எடுத்த படம். தகரக் கூரைக்கு மேலே செம்பு நிறத்தில் தளிர் விட்டபடி உகுரெஸ்ஸ மரம் நின்றது. கீழே அவள், "இது இவ தொட்டுக் கெடுத்த மரந்தானே? இன்னும் நிக்குதா?" என்று எழுதியிருந்தாள். கட்டாரில் இருப்பவள் சிரித்தாள். கொழும்பில் தைக்கிறவள் சிரித்தாள். நானும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனால், என்னோடு வளர்ந்தவர்களே, அது அப்படி நடக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தது முன்பாதி மட்டும். பின்பாதி நடந்தபோது உங்களில் பலர் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போயிருந்தீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு முழுப் பக்கத்தைப் பிழையில்லாமல் எழுதக்கூடிய முதல் ஆள் நான். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

நம் ஊரைத் தெரியாத யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். உக்குவளைக்கு மேலே மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் கலந்து நிற்கிற தோட்டம் நம்முடையது. அறை அறையாக ஒட்டிக் கட்டிய வரிசை வீடுதான் லயம்; அதில் ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்னால் பாய் விரித்த அளவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் கீரை, மிளகாய், ஒரு வாழை. எங்கள் நிலத்தில் மட்டும் உகுரெஸ்ஸ இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்த வருடம், காட்டோரத்தில் இரண்டு கன்றுகளைக் கண்டு மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து நட்டாராம். தண்டெல்லாம் முள். பூ மிகச் சின்னது, மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். பழம் கருஞ்சிவப்பு, கடையில் விற்கிற ப்ளம்ஸுக்குத் தங்கச்சி மாதிரி. மாசியில் வரும் மாத்தளைத் தேருக்கு முன்னால் பூக்கும். வைகாசியில் புத்தர் பண்டிகைக்கு வெசாக் கூடு கட்டுகிற நாட்களில் பழுக்கும். பழுத்தால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் வாயும் ஊதா நிறமாகிவிடும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நாம் தின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஒரு கன்று சமைக்கிற குசினிக்குப் பின்னால் வளர்ந்து காய்த்தது. மற்றது சரிவின் ஓரத்தில், உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் வளர்ந்தது. அது பூத்துத் தள்ளும், ஒரு வருடமும் ஒரு காய்கூடப் பிடிக்காது. பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதற்கு வெத்து மரம் என்று பெயர் வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் அதைத் திட்டுவார். தன் சேலை அதன் முள்ளில் மாட்டினால் அதற்குத் தனித் திட்டு.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது பெரியவளானேன். தாய்மாமன் பச்சைக் குடிசை கட்டவேண்டும் அல்லவா? அம்மாவின் தம்பியான என் மாமா உக்குவளையில் த்ரீவீல் ஓட்டுகிறவர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். கத்தியோடு வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"தென்னங்கீத்து எல்லாரும் கட்டுறது. என் மருமவளுக்கு நான் மரத்தையே வெட்டிக் கட்டுறேன்."

"எந்த மரத்த?" என்று அம்மா கேட்டார்.

"இந்த வெத்து மரத்தத்தான். பூத்துப் பூத்துச் சும்மா நிக்கிறதுக்கு, இன்னைக்காவது ஒரு நல்லதுக்கு ஆகட்டுமே."

அத்தை கை தட்டாத குறை. மாமா முள்ளைச் செதுக்கியே கையெல்லாம் இரத்தமாக்கிக்கொண்டார். கால் நாட்டினார், கொப்புகளால் கூரை போட்டார். அடிமரத்தைப் பிளந்து சடங்குச் சோற்றுக்கு விறகாக்கினார். பச்சை இலை வாசனையில் நான் அதற்குள் இருந்தேன். இவ்வளவு அழகான குடிசை தோட்டத்தில் யாருக்கும் கட்டியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு பகல் இடுப்பு வலி தாங்காமல் வெளியே வந்து, காய்க்கிற மரத்தில் முள்ளில்லாத ஓர் இடமாகப் பார்த்துக் கையூன்றி நின்றேன். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்து வாளியோடு வந்த அத்தை பார்த்துவிட்டார்.

"ஏய்! கைய எடு! காய்க்கிற மரத்த இந்த நேரத்துல தொடுவியா?"

கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அது அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மரம் வழக்கம்போலப் பூத்தது. தேனீ வந்தது. பூவெல்லாம் உதிர்ந்து, கொப்பு வெறுமையாக நின்றது. ஒரு காய் இல்லை. வெசாக்குக்கு நீங்கள் எல்லோரும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். அத்தை எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று, லயம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னார்.

"அன்னைக்கே சொன்னேன்ல தம்பி? இவ தீட்டோட தொட்டா. மரம் பட்டுப்போச்சு."

"பட்டுப்போகல அண்ணி, தழைச்சுத்தானே நிக்குது?" என்றார் அம்மா.

"உசுரு இருக்கு, மடி போச்சு. அதுவும் பட்டுப்போனதுதான்."

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். என்னால் முடியவில்லை. அத்தை வீட்டு வெற்றிலைக் கொடிப் பக்கம் நான் போனால் ஒரு தொண்டைச் செருமல் கேட்கும். கடைசிக் காம்பராவில் கறிவேப்பிலை கேட்கப் போனால், "நீ நில்லு, நான் ஒடிச்சுத் தாரேன்" என்பார்கள். ஒருத்தரும் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். நல்ல மனதோடுதான் என் கையைத் தள்ளி வைத்தார்கள்.

அப்பா குறை சொல்லவில்லை, ஆனால் கணக்குப் போட்டுவிட்டார். குசினி நெருக்கமாக இருந்தது. மரம் நிற்கிற இடத்துக்கு அதை இழுத்துக் கட்டலாம். "காய்க்காத மரத்த வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றார்.

"இன்னொரு பூ பாத்துட்டு வெட்டுங்க," என்றார் அம்மா.

"சரி. அடுத்த தேர் வரைக்கும்."

நான் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மரத்தை வெட்டிவிட்டால், அதைக் கெடுத்தது நான் என்பதை இனி யாராலும் மாற்றமுடியாது. மரம் இருந்தால்தான் எனக்கு வழக்காட முடியும். அதை வெட்ட விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்று தெரியாது. முடிவு மட்டும் இருந்தது.

பத்தாம் வகுப்பின் தொடக்கத்தில் மரம் மறுபடி மொட்டு விட்டது. விஞ்ஞான டீச்சர் பூவைப் பிளந்து படம் வரையவேண்டும், ஆளுக்கொரு செவ்வரத்தம்பூ கொண்டுவாருங்கள் என்றார். வகுப்பே சிவப்பாக இருந்தது. நான் மட்டும் உகுரெஸ்ஸக் கொப்பு ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

"ஏன், சொன்ன பூவைக் கொண்டுவர இயலாதா?"

"எங்க வீட்ல இதுதான் டீச்சர் பூக்குது."

பிளேடால் பிளந்து பார்த்தேன். நடுவில் சின்னப் பச்சை உருண்டை, அதன் தலையில் நட்சத்திரம் மாதிரி விரிந்த கொம்புகள். அவ்வளவுதான். மகரந்தம் இருக்கவேண்டிய இழைகளே இல்லை. கண்டதை அப்படியே வரைந்தேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்தார்.

"மகரந்தக் கேசரத்தை உதிர்த்துட்டீங்க. கவனமில்லாம வெட்டினா இப்பிடித்தான்."

நான் கவனமில்லாமல் எதையும் வெட்டுகிறவள் அல்ல. இடைவேளையில் மேசையிலேயே உட்கார்ந்து கொப்பில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பிளந்தேன். ஒன்றிலும் இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். பொடி ஒட்டவில்லை. அப்படிச் சுத்தமாக இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

சின்ன வயதில், தேர்க்காலத்தில், என் வெள்ளைச் சீருடையைக் கம்பியில் காயப்போட்டால் தோள்பட்டையில் மஞ்சள் பொடி படிந்திருக்கும். அம்மா உதறி உதறிப் போடுவார். அந்தக் கம்பிக்கு மேலே சாய்ந்திருந்தது வெத்து மரம். காய்க்கிற மரத்துக்குக் கீழே எத்தனை நாள் விளையாடியிருக்கிறோம்? நம் தலையில் என்றைக்காவது மஞ்சள் பொடி விழுந்திருக்கிறதா?

வெத்து மரம்தான் மற்ற மரத்தைக் காய்க்க வைத்திருக்கிறது. அதை வெட்டி எனக்குக் குடிசை கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு காய்க்கவில்லை என்றதும் என் கையைச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனேன். அப்பா சாதிக்காய் மலையில் வேலை செய்கிறவர்.

"அப்பா, சாதிக்கா மலையில ஆம்பள மரம் வச்சிருக்கீங்கதானே? எதுக்கு?"

"அது இல்லாட்டி மத்தது காய்க்காது."

"அப்ப உகுரெஸ்ஸவும் அப்பிடித்தான். மாமா வெட்டினது ஆம்பள மரம்."

அப்பா சிரித்தார். "சாதிக்கா தொரை வச்சது. இது காட்டு மரம் பாப்பா. காட்டு மரத்துக்கு யாரு ஜோடி பாத்து வச்சா?"

இன்றைக்கும் இதை யோசித்தால் எனக்கு வியப்புத்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை தெரிந்திருந்த ஒன்று, லயத்து வாசல் வந்ததும் அப்பாவுக்குத் தெரியாமல் போனது. வேலைக்கான அறிவு வேலைக்கு, வீட்டுக்கு அத்தையின் அறிவு. எங்கள் வீட்டில் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள்.

மலை முழுக்கத் தேடினேன். வேறு உகுரெஸ்ஸ இல்லை. பூக்கள் விரியத் தொடங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தில் என் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தவளிடம் புலம்பினேன். அவளுடைய வாப்பா உக்குவளையில் மிளகு வாங்குகிறவர்.

"முள்ளு மரமா? பூக்கிற, காய்க்காத மரமா? எங்கட கிணத்தடியில ஒண்டு ஈக்கிது. உம்மா அதத் திட்டாத நாளில்ல."

மறுநாள் ஒரு பூவைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிரித்ததும் என் விரலெல்லாம் மஞ்சள். நடுவில் உருண்டை இல்லை. இழை, இழை, இழை மட்டும்தான். வகுப்பில் நான் கத்தியதற்கு வெளியே நிற்க வைத்தார்கள். சந்தோஷமாக நின்றேன்.

மாமாவைச் சந்தியில் பிடித்தேன். த்ரீவீலில் சாய்ந்து பீடா மென்றுகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் மரத்துட புருஷனக் கொன்னுட்டேன்னு சொல்ற."

"ஆமா மாமா."

"அத வச்சே ஒனக்குச் சீரும் செஞ்சுட்டேன்."

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் மென்றார். துப்பினார். "சரி ஏறு. எங்க இருக்கு மாப்பிள்ளை?"

கிணற்றடியில் உம்மா இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்தார். "இந்த முள்ளுக்கா ஓட்டோ புடிச்சு வந்தீங்க? மரத்தையே வேரோட கொண்டுபோங்க மகள், கூலி கேக்கமாட்டன்."

"வேணாம் உம்மா, வெட்டிராதீங்க! வருஷா வருஷம் எனக்குப் பூ வேணும்," என்றேன். உம்மா தன் மகளைப் பார்த்து, "நல்ல புள்ளதானே இது?" என்று மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

பழைய பெயின்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி, பூத்த கொப்புகளை அதில் நிறுத்தி, பின் இருக்கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் முள் கன்னத்தில் கீறியது. வழியில் கையைக் காட்டியவரிடம் மாமா, "ஏத்த முடியாது, உள்ள கலியாண மாப்பிள்ளை இருக்காரு!" என்று கத்தினார்.

இனி நான் சொல்லப்போவது அப்போது உங்களில் யாருக்கும் தெரியாது. அன்று காலையில்தான் எனக்கு மாதத் தீட்டு வந்திருந்தது. அந்த நாட்களில் பின்பக்கம் போகவே கூடாது. அதுவும் அந்த மரத்திடம், அத்தை சொன்ன அதே நிலையில். பூக்களோ அன்றைக்குத்தான் முழுதாக விரிந்திருந்தன. வாளியில் இருந்தவை மறுநாள் வரை தாங்கமாட்டா. நான் வாளியை இறக்கிவைத்துவிட்டு நின்றேன். யோசித்ததாக ஞாபகமில்லை. தொட்டதால் கெட்டது என்பது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பயந்தால் படித்ததற்கு என்ன அர்த்தம்?

அப்பாவின் சவர பிரஷை எடுத்தேன். அந்தப் பிரஷ் இப்போது எங்கே போனதோ, மரப்பிடி வெடித்து நூல் சுற்றியிருக்கும். பூக்களைத் தகரத் தட்டில் தட்டிப் பொடியைச் சேர்த்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்டூல் சரிவு மண்ணில் ஆடியது. பிறகு ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் எனக்குத் துணி எடுத்துக் கொடுத்ததே அம்மாதான். அவருக்கு எல்லாம் தெரியும்.

"அம்மா…"

"கீழ பாக்காத. வேலையப் பாரு."

முள்ளுக்கு நடுவே கையை விட்டு, ஒவ்வொரு கொப்பாகப் பிடித்து, பூவுக்குப் பூ பிரஷால் தடவினேன். லயத்துப் பக்கத்துக் கொப்புகள் மட்டும்தான் எட்டின. சரிவுப் பக்கம் ஸ்டூல் நிற்காது, அதை விட்டுவிட்டேன். இறங்கியபோது என் கைகள் கீறலும் மஞ்சளுமாக இருந்தன. அம்மா பீலிக்குக் கூட்டிப்போய்த் தானே கழுவிவிட்டார். மறுநாள் காலையில் சவரம் செய்யப்போன அப்பா விடாமல் தும்மினார். அம்மா அடுப்பை ஊதுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

பூ உதிர்ந்தது. உதிராமல் எது நிற்கிறது என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. தேரும் வந்தது. எல்லோரும் மாத்தளைக்குப் போனார்கள். நானும் போனேன், கூட்டத்தில் வடம் கண்ணில் பட்டது, சாமி கண்ணில் படவில்லை. மனம் முழுவதும் மரத்தில் இருந்தது.

தேர் முடிந்த ஞாயிறு அப்பா கோடாலியோடு பின்பக்கம் வந்தார். அத்தை தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அப்பாவுக்கு முன்னால் நின்று, தாழ்ந்த கொப்பு ஒன்றை இழுத்துப் பிடித்தேன்.

"இதப் பாத்துட்டு வெட்டுங்க."

கொப்பு நெடுக, பச்சை மணி கோத்த மாதிரிப் பிஞ்சுகள். நானே அப்போதுதான் முதல்முறையாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அப்பா கோடாலியைத் தோளிலிருந்து இறக்காமல் குனிந்தார். பெருவிரலால் ஒரு பிஞ்சைத் தள்ளிப் பார்த்தார். அது விழவில்லை. மரத்தைச் சுற்றிச் சரிவுப் பக்கம் போனார். அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன்?"

"இந்தப் பக்கந்தான் எனக்கு எட்டிச்சு."

உம்மாவின் கிணற்றடி, மாமாவின் வாளி, தன் சவர பிரஷ், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குசினியின் மற்றப் பக்கத்தைக் காலடியால் அளந்து பார்த்தார். "இப்பிடி இழுத்தாலும் கட்டலாம்," என்று தனக்குத்தானே சொன்னார்.

மரம் தப்பியது. நான் இன்னும் தப்பவில்லை.

வெசாக் வாரத்தில் லயமே மரத்தடிக்கு வந்தது. ஒரு பக்கம் கருஞ்சிவப்பாகத் தொங்கியது, மற்றப் பக்கம் வெறும் இலை. மாமா, "மாப்பிள்ளை இந்தப் பக்கமாத்தான் படுத்தாரு போல," என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினார். நான் ஸ்டூலில் ஏறிப் பறித்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தையும் வந்தார். கை நீட்டினார். ஒரு நல்ல பழமாகப் பார்த்து அவர் கையில் வைத்தேன்.

உகுரெஸ்ஸவை அப்படியே கடித்தால் தொண்டையைப் பிடிக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மெத்தென்று ஆகும்வரை உருட்டவேண்டும். அத்தை உருட்டிக்கொண்டே எல்லோருக்கும் சொன்னார்:

"சும்மா காய்க்கல. அம்மனுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டேன். தேர்ல கண்ணத் தொறந்துட்டா."

அம்மா கூடையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அம்மன் ஒரு பக்கமாத்தான் பாத்தாளா அண்ணி?"

லயம் சிரித்தது. அம்மா அத்தைக்கு எதிர்ப்பேச்சுப் பேசி நான் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அத்தையின் முகம் மாறிவிட்டது.

"என்னமோ படிச்சவ, பூவத் தேச்சா, பிரஷப் போட்டாங்கிறீங்க. இருக்கட்டும். ஆனா அந்த நாள்ல தொட்டா செடிகொடி தாங்காது. அது மட்டும் மாறாது."

"அந்த நாள்லதான் தொட்டா," என்றார் அம்மா. "ரெண்டாந்தடவையும் அந்த நாள்லதான் தொட்டா. ஒவ்வொரு கொப்பையும் புடிச்சுத் தொட்டா. ஸ்டூலப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா வேறெங்கோ பார்த்தார். அத்தையின் உள்ளங்கைகள் அசையாமல் ஒன்றின்மேல் ஒன்று இருந்தன, பழம் உள்ளே. அவர் அண்ணாந்து காய்த்த கொப்புகளைப் பார்த்தார். சரிவுப் பக்கத்து வெறும் கொப்புகளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் நிற்கிற என் கையைப் பார்த்தார். பழத்தைக் கீழே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போட்டால் இறங்கிப் போய் அதை எடுத்து நானே தின்பது என்று தயாராக இருந்தேன்.

அத்தையின் கைகள் மறுபடி உருட்டத் தொடங்கின. அவசரமே இல்லாமல் உருட்டினார். பதமானதும் வாயில் போட்டுக்கொண்டார். சப்பினார். விதைகளைத் துப்பிவிட்டு, உதட்டைப் புறங்கையால் துடைத்து, அதே கையை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு குடு."